கணினித் திரையின் ஒளிர்வு, மாறுபாடு அளவுத்திருத்தம்: ஒரு வரலாறு

கணினித் திரையில் கருப்பு கருப்பாகவும், வெள்ளை வெள்ளையாகவும், இடைப்பட்ட சாம்பல் நிறங்கள் ஒன்றில் ஒன்று கரைந்துவிடாமலும் தெரியும்படி திரையைச் சரிசெய்வது அளவுத்திருத்தம் எனப்படுகிறது. இதன் முதல் படி, திரையின் ஒளிர்வையும் மாறுபாட்டையும் ஒழுங்குபடுத்துவதாகும். பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் என்ற பெயர்களில் இன்றும் எல்லாத் திரைகளிலும் காணப்படும் இவ்விரு அமைப்புகளும் கணினிக்காக உருவானவை அல்ல. தொலைக்காட்சிப் பெட்டியின் இரண்டு குமிழ்களாகத் தோன்றி, பின்னர் கணினியை வந்தடைந்தவை.

இது வெறும் வசதிக்கான அமைப்பு என்று பலர் கருதுகின்றனர். ஆனால் ஒரு படத்தின் கோப்பில் உள்ள தகவல் முழுவதும் பார்ப்பவரின் கண்ணுக்கு வந்து சேருமா என்பதை இதுவே முடிவு செய்கிறது. நுரையீரல் எக்ஸ்ரே படம் ஒன்றின் இருண்ட பகுதியில் உள்ள மெல்லிய நிழல், கோப்பில் இருந்தும் தவறாக அமைந்த திரையில் தெரியாமல் போகலாம். அச்சுக்குச் செல்லும் ஒளிப்படம் திரையில் ஒரு விதமாகவும் தாளில் வேறு விதமாகவும் வரலாம். இத்தகைய இழப்புகளைத் தவிர்க்கப் பொறியாளர்களும் ஒளியியல் அறிஞர்களும் மேற்கொண்ட முயற்சிகளின் வரலாறு ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்டது.

இரண்டு குமிழ்களும் அவற்றின் பெயர்களும்

1897ஆம் ஆண்டில் ஜெர்மானிய இயற்பியலாளர் கார்ல் பெர்டினாண்ட் பிரவுன், மின்னலைகளைக் கண்ணால் பார்ப்பதற்காகக் கேதோடு கதிர்க் குழாயை அமைத்தார். இக்குழாயின் ஒரு முனையில் எலக்ட்ரான் கற்றை உருவாகும். மறுமுனையில் உள்ள ஒளிர்பூச்சில் அக்கற்றை மோதும்போது ஒளி உண்டாகும். கற்றையின் வலிமையைக் கூட்டிக் குறைத்தால் ஒளியும் கூடிக் குறையும். பின்னாளில் தொலைக்காட்சித் திரையும் கணினித் திரையும் இந்த அடிப்படையிலேயே இயங்கின.

படத்தைச் சுமந்து வரும் மின் சமிக்ஞை குழாயை அடையும் முன் அதில் இரண்டு மாற்றங்களைச் செய்யலாம். ஒன்று, சமிக்ஞையைப் பெருக்குவது. மற்றொன்று, சமிக்ஞை முழுவதையும் ஒரே அளவு மேலே உயர்த்துவது அல்லது கீழே இறக்குவது. முதலாவது மாறுபாடு எனவும், இரண்டாவது ஒளிர்வு எனவும் பெயர் பெற்றன. பள்ளிக் கணிதத்தில் வரும் நேர்கோட்டுச் சமன்பாட்டைப்போல, மாறுபாடு கோட்டின் சாய்வை மாற்றுகிறது. ஒளிர்வு கோட்டை அப்படியே மேலும் கீழுமாக நகர்த்துகிறது.

குழப்பம் இங்கேதான் தொடங்கியது. ஒளிர்வுக் குமிழைத் திருப்பினால் படத்தின் வெளிச்சமான பகுதிகளைவிட இருண்ட பகுதிகளிலேயே மாற்றம் மிகுதியாகத் தெரியும். அதாவது அது உண்மையில் கருப்பின் நிலையை அமைக்கும் குமிழ். மாறுபாட்டுக் குமிழோ வெள்ளை எவ்வளவு பிரகாசமாக இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்கிறது. நிற அறிவியலாளர் சார்லஸ் பாய்ன்டன் போன்றோர், இப்பெயர்கள் பயனரைத் தவறாக வழிநடத்துகின்றன என்று பல ஆண்டுகளாக எடுத்துக்காட்டி வந்துள்ளனர். படம் மங்கலாக இருப்பதாக எண்ணி ஒளிர்வைக் கூட்டுபவர், கருப்பாக இருக்க வேண்டிய இடங்களைச் சாம்பலாக்கிவிடுகிறார். படம் முழுவதும் மெல்லிய புகை படர்ந்ததுபோல் ஆகிவிடும். ஒளிர்வை அளவுக்கு மீறிக் குறைத்தாலோ கருமையான தலைமுடி, நிழல், இரவுக் காட்சி ஆகியவற்றின் நுட்பங்கள் ஒரே கருப்பில் அமிழ்ந்துவிடும். கேதோடு கதிர்க் குழாயில் மாறுபாட்டை மிகையாக வைத்தால் எலக்ட்ரான் கற்றை தடித்து, எழுத்துகளின் விளிம்புகள் கூர்மையை இழக்கும்.

காமா: ஒளிப்படக் கலையிலிருந்து வந்த எழுத்து

கேதோடு கதிர்க் குழாய்க்கு ஓர் இயல்பு உண்டு. அதற்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தை இரட்டிப்பாக்கினால் ஒளி இரண்டு மடங்கு ஆவதில்லை. நான்கு மடங்கிற்கும் மேல் பெருகுகிறது. சமிக்ஞை பாதியாகும்போது ஒளி பாதியாகாமல் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடுகிறது. இந்த உறவைக் குறிக்கும் அடுக்கெண் காமா எனப்படுகிறது. எலக்ட்ரான் துப்பாக்கியின் அமைப்பினாலேயே இது உண்டாகிறது.

காமா என்ற கிரேக்க எழுத்து ஒளிப்படத் துறையிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் பணியாற்றிய பெர்டினாண்ட் ஹர்ட்டர், வேரோ சார்லஸ் டிரிஃபீல்டு ஆகிய இருவரும் ஒளிப்படத் தகடுகளின் ஒளியுணர்வை அளந்து 1890இல் தம் ஆய்வை வெளியிட்டனர். தகட்டின்மீது படும் ஒளிக்கும் அதில் உண்டாகும் கருமைக்கும் உள்ள தொடர்பை அவர்கள் ஒரு வளைகோடாக வரைந்தனர். அக்கோட்டின் நேரான பகுதியின் சாய்வே காமா. படத்தின் மாறுபாட்டை ஓர் எண்ணால் குறிக்கும் வழக்கம் இவ்வாறு தோன்றியது.

தொலைக்காட்சி வளர்ந்தபோது குழாயின் இந்த வளைவை எங்கே ஈடுசெய்வது என்ற கேள்வி எழுந்தது. ஒவ்வொரு வீட்டுப் பெட்டியிலும் அதற்கான மின்சுற்றை வைத்தால் பெட்டியின் விலை ஏறும். ஆகவே நிலையத்தில் உள்ள ஒளிப்படக்கருவியிலேயே சமிக்ஞையை எதிர்த்திசையில் வளைத்து அனுப்புவது என முடிவாயிற்று. 1953ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்க அரசு ஏற்றுக்கொண்ட வண்ணத் தொலைக்காட்சி முறை, பெறும் பெட்டியின் காமா 2.2 எனக் கொண்டது.

சிக்கனத்துக்காக எடுக்கப்பட்ட இம்முடிவு வேறொரு பெரிய நன்மையையும் தந்தது. மனிதக் கண் ஒளியின் கூடுதலை அளவால் உணர்வதில்லை, விகிதத்தால் உணர்கிறது. இருட்டறையில் ஒரு மெழுகுவர்த்தியுடன் இன்னொன்றை ஏற்றினால் வேறுபாடு நன்கு தெரியும். நூறு மெழுகுவர்த்திகள் எரியும் இடத்தில் மேலும் ஒன்றை ஏற்றினால் அது புலப்படுவதே அரிது. எர்ன்ஸ்ட் வேபரின் சோதனைகளை அடிப்படையாகக் கொண்டு குஸ்தாவ் ஃபெக்னர் 1860இல் வெளியிட்ட நூல் இவ்வியல்பை விளக்கியது. வெள்ளைத் தாள் திருப்பும் ஒளியில் ஏறக்குறைய 18 விழுக்காட்டை மட்டும் திருப்பும் பரப்பே கருப்புக்கும் வெள்ளைக்கும் நடுவான சாம்பலாக நமக்குத் தோன்றுகிறது. குழாயின் வளைவும் கண்ணின் உணர்வும் ஏறக்குறைய ஒன்றுக்கொன்று எதிரான வடிவம் கொண்டவை. இந்தப் பொருத்தம் தற்செயலாக அமைந்ததாகும். காமாவால் வளைக்கப்பட்ட சமிக்ஞையில் இருண்ட பகுதிகளுக்கு மிகுதியான படிகள் கிடைக்கின்றன. கணினியில் ஒரு நிறத்துக்கு 256 படிகள் மட்டும் இருந்தும் படம் இயல்பாகத் தெரிவதற்கு இதுவே காரணம்.

சோதனை அட்டைகள்

குமிழ்களைச் சரியாகத் திருப்ப வேண்டுமானால் எதைப் பார்த்துத் திருப்புவது? ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் காட்சி மாறிக்கொண்டே இருக்கும். எனவே மாறாத ஒரு படம் தேவைப்பட்டது. 1939இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் உருவாக்கிய சோதனை அட்டையில் இறகுத் தலைப்பாகை அணிந்த அமெரிக்கப் பழங்குடி மனிதரின் உருவம் இருந்தது. அதைச் சுற்றியிருந்த வட்டங்களும் கோடுகளும் சாம்பல் படிகளும் படத்தின் வடிவம், கூர்மை, ஒளிப்படிகள் ஆகியவற்றைச் சோதிக்க உதவின. பிரித்தானிய ஒலிபரப்புக் கழகமான பிபிசி 1967இல் வெளியிட்ட எஃப் சோதனை அட்டையில், கரும்பலகைக்கு அருகில் பொம்மையுடன் இருக்கும் சிறுமியின் வண்ணப்படம் நடுவில் இடம்பெற்றது. பொறியாளர் ஜார்ஜ் ஹெர்சி வடிவமைத்த அந்த அட்டையில் இருந்த சிறுமி அவருடைய மகள் கரோல். அந்த அட்டையின் ஓரத்திலும் கருப்பு முதல் வெள்ளை வரையான படிகள் அடுக்கப்பட்டிருந்தன.

கருப்பின் நிலையைத் துல்லியமாக அமைக்க உதவிய முறை பிளூஜ் எனப்படுகிறது. இதுவும் பிபிசியில் தோன்றியதே. இதன் அமைப்பு மிக எளிது. கருப்புப் பின்னணியில் இரண்டு பட்டைகள் இருக்கும். ஒன்று கருப்பைவிடச் சற்றுக் கூடுதல் கருமையான சமிக்ஞை. மற்றொன்று கருப்பைவிடச் சற்று வெளிறிய சமிக்ஞை. ஒளிர்வைக் கூட்டினால் இரு பட்டைகளும் தெரியும். மெல்லக் குறைத்துக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் கூடுதல் கருமையான பட்டை பின்னணியோடு கலந்து மறையும். வெளிறிய பட்டை மட்டும் மங்கலாக எஞ்சும். அதுவே சரியான நிலை. இதற்கு அளவுகருவி ஏதும் தேவையில்லை. இரண்டு ஒளிகளுக்கு இடையே வேறுபாடு தெரிகிறதா இல்லையா என்று சொல்ல மட்டும் கண் பயன்படுகிறது. அந்த வேலையைக் கண் மிக நன்றாகச் செய்யும். எவ்வளவு வெளிச்சம் என்று அளந்து சொல்வதில்தான் அது தடுமாறுகிறது.

1970களில் அமெரிக்காவின் சிபிஎஸ் ஆய்வகத்தில் வடிவமைக்கப்பட்டு, திரைப்பட, தொலைக்காட்சிப் பொறியாளர் சங்கம் ஏற்றுக்கொண்ட வண்ணப் பட்டைப் படத்தின் கீழ்ப்பகுதியில் பிளூஜ் பட்டைகள் சேர்க்கப்பட்டன. பின்னர் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் திரைகளின் ஒளிர்வையும் மாறுபாட்டையும் அமைப்பதற்கென்றே பிடி.814 என்ற தனிப் பரிந்துரையை வெளியிட்டது. அதுவும் பிளூஜ் முறையையே அடிப்படையாகக் கொண்டது.

கருப்பு என்பது எந்த மின்னழுத்தம் என்பதிலேயே நாடுகளுக்கிடையே வேறுபாடு இருந்ததும் குறிப்பிடத்தக்கது. வட அமெரிக்கத் தொலைக்காட்சியில் கருப்பு, அளவுகோலின் 7.5 என்ற நிலையில் தொடங்கியது. ஜப்பானில் அதே முறை சுழியிலிருந்து தொடங்கியது. ஒன்றுக்கென அமைக்கப்பட்ட பெட்டியில் மற்றதன் சமிக்ஞையை இட்டால் படம் வெளிறியோ மிகையாக இருண்டோ தெரியும்.

கணினி மேசைக்கு வந்த குமிழ்கள்

1981இல் ஐபிஎம் தனிமேசைக் கணினியுடன் வெளிவந்த 5151 என்ற திரை, கரும்பின்னணியில் பச்சை எழுத்துகளைக் காட்டியது. அதன் முகப்பிலும் ஒளிர்வு, மாறுபாடு ஆகிய இரண்டு குமிழ்கள் இருந்தன. எழுத்து மட்டுமே தெரியும் திரையில் அவை கண்ணுக்கு இதமாக இருப்பதற்கே பயன்பட்டன. இருண்ட பகுதியின் நுட்பம் என்ற கேள்வி அங்கு எழவில்லை.

1987இல் வந்த விஜிஏ முறை 262,144 நிறங்களிலிருந்து ஒரே நேரத்தில் 256 நிறங்களைத் தேர்ந்து காட்ட வழி செய்தது. அதே ஆண்டில் மேக்கின்டாஷ் கணினியும் வண்ணத்துக்கு மாறியது. 1990இல் ஃபோட்டோஷாப் மென்பொருள் வெளிவந்தது. ஒளிப்படத்தைத் திரையில் பார்த்தே திருத்தும் காலம் தொடங்கியதும், திரை நம்பத்தக்கதா என்ற கேள்வி முதன்மை பெற்றது. திருத்துபவரின் திரை இருண்டிருந்தால் அவர் படத்தைத் தேவைக்கு மேல் வெளிறச் செய்வார். அச்சில் வந்த பிறகே தவறு தெரியும்.

இதற்கிடையில் இரு உலகங்கள் உருவாகியிருந்தன. அச்சுத் தொழிலில் வேரூன்றிய மேக்கின்டாஷ், தன் லேசர் அச்சுப்பொறியின் சாம்பல் படிகளோடு திரை ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக 1.8 என்ற காமாவைக் கையாண்டது. பிற தனிமேசைக் கணினிகள் தொலைக்காட்சியின் வழியில் ஏறக்குறைய 2.2இல் இயங்கின. நடுவான 128 என்ற எண்ணை எடுத்துக்கொண்டால், முதல் வகைத் திரையில் அது முழு வெள்ளையின் 29 விழுக்காடு ஒளியைத் தரும். இரண்டாவதில் 22 விழுக்காடு மட்டுமே தரும். மேக்கின்டாஷில் திருத்திய படம் மற்றக் கணினியில் இருண்டு தெரிந்ததற்கும், அங்கே திருத்தியது இங்கே வெளிறித் தெரிந்ததற்கும் இதுவே காரணம்.

இணையம் பரவியதும் ஒரே படம் எல்லா வகைத் திரைகளிலும் திறக்கப்பட்டது. 1996இல் உருவான பிஎன்ஜி படக்கோப்பு முறை, காமாவின் மதிப்பைக் கோப்பிலேயே எழுதி வைக்க இடம் தந்தது. அதே ஆண்டில் எச்பி, மைக்ரோசாஃப்ட் ஆகிய நிறுவனங்கள் எஸ்ஆர்ஜிபி என்ற பொது நிறவெளியை முன்மொழிந்தன. 1999இல் அது பன்னாட்டுத் தரமாயிற்று. அத்தரம் திரையை மட்டும் வரையறுக்கவில்லை. அதைப் பார்க்கும் அறையையும் வரையறுத்தது. திரையின் வெள்ளை சதுர மீட்டருக்கு 80 கேண்டலா, அறையின் வெளிச்சம் 64 லக்ஸ் என அது கொண்டது. மேக்கின்டாஷ் கணினிகள் 2009இல் வெளிவந்த ஸ்னோ லெப்பர்டு இயங்குதளத்திலிருந்து 2.2 காமாவுக்கு மாறின. இருபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பிளவு அத்துடன் முடிந்தது.

கண்ணால் காமாவை அளத்தல்

விலை உயர்ந்த கருவி இல்லாத பயனரும் காமாவை அறிய எளிய வழி ஒன்று உண்டு. கருப்பு, வெள்ளைக் கோடுகளை மாறி மாறி மிக நெருக்கமாக வரைந்து தொலைவிலிருந்து பார்த்தால் அவை கலந்து ஒரே சாம்பலாகத் தெரியும். படப்புள்ளிகளில் பாதி வெள்ளை, பாதி கருப்பு என்பதால் அதன் ஒளி வெள்ளையில் சரியாகப் பாதி. அதன் அருகில் சீரான சாம்பல் கட்டம் ஒன்றை வைத்து, இரண்டும் ஒன்றாகத் தெரியும் வரை கட்டத்தின் மதிப்பை மாற்ற வேண்டும். 174 என்ற மதிப்பை ஒட்டிப் பொருந்தினால் காமா 1.8, 186இல் பொருந்தினால் 2.2.

ஃபோட்டோஷாப்புடன் வழங்கப்பட்ட அடோபி காமா என்ற சிறு மென்பொருள் இந்த ஒப்பீட்டு முறையைப் பயன்படுத்தியது. 2009இல் வெளிவந்த விண்டோஸ் 7 இயங்குதளம் நிற அளவுத்திருத்த வழிகாட்டியைத் தன்னுடனேயே கொண்டிருந்தது. அதில் ஒளிர்வை அமைக்கக் கருப்புக் கோட்டு அணிந்த மனிதர் ஒருவரின் படம் காட்டப்படும். சட்டை கோட்டிலிருந்து பிரிந்து தெரிய வேண்டும். பின்னணியில் உள்ள பெருக்கல் குறி கண்ணுக்கு எட்டியும் எட்டாமலும் இருக்க வேண்டும். மாறுபாட்டுக்கு வெள்ளைச் சட்டையின் மடிப்புகளும் பொத்தான்களும் மறையாமல் இருக்க வேண்டும். கணினி விளையாட்டுகளின் தொடக்கத்தில் ஒரு சின்னம் மங்கலாகத் தெரியும் வரை ஒளிர்வைக் குறைக்கச் சொல்வதும் இதே வழியில் வந்ததே. பிளூஜ் பட்டைகளின் இடத்தில் வேறு உருவங்கள் வந்துள்ளன. கேட்கப்படும் கேள்வி மாறவில்லை.

நீர்மப் படிகத் திரையும் பெயர் மாற்றமும்

2000களில் கேதோடு கதிர்க் குழாய்த் திரைகளின் இடத்தை எல்சிடி எனப்படும் நீர்மப் படிகத் திரைகள் பிடித்தன. இவற்றில் எலக்ட்ரான் கற்றை இல்லை. பின்னால் எரியும் விளக்கின் ஒளியைப் படிகங்கள் கூட்டியும் குறைத்தும் விடுகின்றன. இவற்றுக்கு இயற்கையாக 2.2 என்ற வளைவும் இல்லை. ஆயினும் அதுவரை உருவான படங்கள் அனைத்தும் பழைய குழாயை மனத்தில் கொண்டு அமைக்கப்பட்டவை. ஆகவே புதிய திரைகள் தம் உள்ளே ஒரு மதிப்பட்டியலை வைத்துப் பழைய குழாயைப்போலவே நடந்துகொள்கின்றன. எலக்ட்ரான் துப்பாக்கி மறைந்த பின்னரும் அதன் வளைவு இவ்வாறு உயிரோடு இருக்கிறது.

இம்மாற்றத்தில் ஒளிர்வு என்ற சொல்லின் பொருளும் மாறியது. பெரும்பாலான எல்சிடி திரைகளில் ஒளிர்வு அமைப்பு பின்னொளியைக் கூட்டிக் குறைக்கிறது. பழைய திரைக்கென எழுதப்பட்ட வழிமுறைகளைப் புதிய திரையில் அப்படியே பின்பற்றினால் பயன் கிடைக்காததற்கு இது முக்கியக் காரணம். மாறுபாட்டை மிகையாக உயர்த்தினால் வெளிறிய பகுதியின் படிகள் பல ஒரே வெள்ளையாகச் சேர்ந்துவிடும். எனவே அதை ஆலை அமைத்த நிலையிலோ அதற்கு அருகிலோ வைப்பதே பொதுவாக நல்லது.

பழைய தொலைக்காட்சியின் இன்னொரு மரபும் சிக்கலைத் தந்தது. 1982இல் வகுக்கப்பட்ட எண்ணியல் தொலைக்காட்சித் தரத்தில் கருப்பு 16 எனவும் வெள்ளை 235 எனவும் குறிக்கப்பட்டன. கணினியிலோ கருப்பு 0, வெள்ளை 255. ஒரே எச்டிஎம்ஐ கம்பி இரண்டையும் சுமக்கத் தொடங்கியபோது, அனுப்பும் கருவி ஒன்றையும் திரை மற்றொன்றையும் எதிர்பார்த்தால் படம் வெளிறிப்போகும் அல்லது இருண்ட பகுதிகள் மறைந்துபோகும். இதை எந்த அளவுக்கு ஒளிர்வை மாற்றினாலும் சரிசெய்ய முடியாது. இரு பக்கமும் ஒரே வரம்பைத் தேர்ந்தால் மட்டுமே தீரும்.

மருத்துவத் திரைகள்

அளவுத்திருத்தத்தின் தேவை மிகக் கூர்மையாக உணரப்பட்ட துறை மருத்துவப் படவியல். எக்ஸ்ரே படங்கள் ஒளிப்பெட்டியில் வைத்துப் பார்க்கும் படச்சுருளிலிருந்து கணினித் திரைக்கு மாறியபோது, ஒரே படம் இரண்டு மருத்துவர்களின் திரைகளில் இரண்டு விதமாகத் தெரியும் ஆபத்து எழுந்தது. முதலில் திரைப்பட, தொலைக்காட்சிப் பொறியாளர் சங்கத்தின் மருத்துவச் சோதனைப் படம் பயன்பட்டது. முழுக் கருப்புக் கட்டத்துக்குள் 5 விழுக்காட்டுக் கட்டமும், முழு வெள்ளைக் கட்டத்துக்குள் 95 விழுக்காட்டுக் கட்டமும் அதில் இருந்தன. இரண்டு உட்கட்டங்களும் தெரிந்தால்தான் திரை வாசிப்புக்குத் தகுதியானது.

பின்னர் டைகாம் தரத்தின் 14ஆம் பகுதி சாம்பல் படிகளுக்கென ஒரு தனி வளைகோட்டை வகுத்தது. நெதர்லாந்து அறிஞர் பீட்டர் பார்ட்டனின் கண்பார்வை மாதிரியை அது அடிப்படையாகக் கொண்டது. சதுர மீட்டருக்கு 0.05 முதல் ஏறக்குறைய 4000 கேண்டலா வரையான ஒளியை, கண்ணால் மட்டுமட்டாகப் பிரித்தறியக்கூடிய 1023 படிகளாக அது பிரித்தது. திரை மங்கலானதாக இருந்தாலும் பிரகாசமானதாக இருந்தாலும், சமிக்ஞையில் உள்ள ஒவ்வொரு சம அளவு மாற்றமும் கண்ணுக்குச் சம அளவு மாற்றமாகத் தெரிய வேண்டும் என்பதே இதன் நோக்கம். இங்கே குழாயின் வளைவு கைவிடப்பட்டு, மனிதக் கண்ணே அளவுகோலாகக் கொள்ளப்பட்டது.

கருவிகளின் காலம்

1993இல் எட்டு நிறுவனங்கள் சேர்ந்து பன்னாட்டு நிறக் கூட்டமைப்பைத் தொடங்கின. ஒவ்வொரு திரைக்கும் அச்சுப்பொறிக்கும் அதன் இயல்பை விவரிக்கும் கோப்பு ஒன்று இருக்க வேண்டும் என்பது அதன் அணுகுமுறை. திரையின்மீது வைத்து ஒளியை அளக்கும் நிறமானிகள் விலை குறைந்து தனியார் கைக்கும் வந்தன. மென்பொருள் திரையில் வரிசையாக நிறக் கட்டங்களைக் காட்டும். கருவி அவற்றை அளக்கும். அளவுகளிலிருந்து திருத்தம் கணிக்கப்படும். ஆயினும் பின்னொளியின் அளவை முதலில் கையால் அமைத்த பிறகே இவ்வேலை தொடங்குகிறது.

தொலைக்காட்சித் துறையில் ஒரு விந்தை நீண்ட காலம் நீடித்தது. உயர்தெளிவுத் தொலைக்காட்சிக்கு ஒளிப்படக்கருவி எவ்வாறு சமிக்ஞையை அமைக்க வேண்டும் என்பது 1990இலேயே வரையறுக்கப்பட்டது. ஆனால் அதைத் திரை எவ்வாறு ஒளியாக்க வேண்டும் என்பது எழுத்தில் இல்லை. எல்லோரும் கேதோடு கதிர்க் குழாயையே வைத்திருந்ததால் அது தேவைப்படவில்லை. குழாய்கள் மறையத் தொடங்கிய பிறகு, 2011இல், பிடி.1886 என்ற பரிந்துரை 2.4 என்ற அடுக்கெண்ணை வகுத்து அந்த இடைவெளியை நிரப்பியது. மாறுபாடும் ஒளிர்வும் அதன் சமன்பாட்டிலேயே இரண்டு உறுப்புகளாக இடம்பெற்றுள்ளன.

2014இல் தரமாக்கப்பட்ட பிகியூ முறை இதிலிருந்து வேறுபட்டது. இதில் ஒவ்வொரு எண்ணும் குறிப்பிட்ட ஓர் ஒளி அளவைக் குறிக்கிறது. உச்சம் சதுர மீட்டருக்கு 10,000 கேண்டலா. மருத்துவத் திரைகளுக்கு அடிப்படையான பார்ட்டனின் மாதிரியே இதற்கும் அடிப்படை. எண்ணுக்கு ஒளி இன்னது என்று முன்பே நிலைநாட்டப்பட்டுவிட்டால், பயனர் திருப்பும் குமிழுக்குக் கொள்கையளவில் இடமில்லை.

அறையின் பங்கு

நடைமுறையில் அந்த இடம் இன்னும் இருக்கிறது. திரை எந்த அறையில் இருக்கிறது என்பதை எந்தத் தரமும் கட்டுப்படுத்த முடியாது. சன்னல் வெளிச்சம் திரையில் பட்டால் அது கருப்பின்மீது சேர்ந்து, இருண்ட படிகளை மூடிவிடும். சுற்றுப்புறம் இருண்டிருந்தால் அதே படத்தின் மாறுபாடு கண்ணுக்குக் குறைவாகத் தோன்றும் என்பதை பார்ட்டில்சன், பிரென்மன் ஆகியோர் 1967இல் காட்டினர். இருட்டு அரங்கில் காட்டப்படும் திரைப்படங்கள் கூடுதல் மாறுபாட்டுடன் அமைக்கப்படுவதற்கும் அதுவே காரணம்.

ஆகவே இன்றும் அளவுத்திருத்தத்தின் வரிசை ஏறக்குறைய பழையதே. திரை சூடேறச் சுமார் அரை மணி நேரம் விட வேண்டும். அறையை வழக்கமாக வேலை செய்யும் வெளிச்சத்தில் வைக்க வேண்டும். திரையில் உள்ள வெள்ளைப் பக்கம், அருகில் பிடித்த வெள்ளைத் தாளைவிட விளக்குப்போல் எரியாத அளவுக்குப் பின்னொளியைக் குறைக்க வேண்டும். அதன் பிறகு கருப்பை ஒட்டிய கட்டங்களும் வெள்ளையை ஒட்டிய கட்டங்களும் தனித்தனியே தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டில் பிளூஜ் பட்டைகளின் முன் அமர்ந்த தொலைக்காட்சிப் பொறியாளர் செய்ததும் இதே சோதனைதான்.